பிராஸ்டேட் பயாப்ஸியும் சிகிச்சையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் பிராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய்க்குப் பயாப்ஸி (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது), ஹார்மோன் ஊசி, கதிர்வீச்சு எல்லாம் பார்த்துவிட்ட ஆள் நான். பரிசோதனைக்குப் பாளையங்கோட்டை போகும்போதெல்லாம் புதிதாக வந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார்கள். அன்று நான் தடுமாறிய அதே இடங்களில்தான் அவர்களும் தடுமாறுகிறார்கள். ரிப்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு வருவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை.

சாப்பிடும் மாத்திரையைச் சொல்லாமல் பி.எஸ்.ஏ. பார்ப்பது

பி.எஸ்.ஏ. என்பது பிராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை ரத்தத்தில் அளந்து பார்க்கும் பரிசோதனை. மாத்திரையைச் சொல்லாமல் அதைப் பார்ப்பதை இன்றும் என்னால் பொறுக்க முடிவதில்லை. ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்று நம் பக்கத்தில் வயதான பலர் வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அதில் டியூட்டாஸ்டரைடோ ஃபினாஸ்டரைடோ இருந்தால் சுரப்பி சுருங்கும்; ஆறு மாதம், ஒரு வருடத்தில் பி.எஸ்.ஏ. அளவும் ஏறக்குறையப் பாதியாக இறங்கிவிடும். உள்ளே புற்றுநோய் இருந்தாலும் எண் குறைவாகவே தெரியும். அதே தொல்லைக்குத் தரும் டாம்சுலோசின் மட்டும் என்றால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது இங்கே சகஜம்.

கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவருக்கு 3.6 வந்தது. நாலு வரை நார்மல் என்று சீட்டில் அச்சடித்திருந்ததால் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டார். மாத்திரையைக் கணக்கில் எடுத்தால் அது ஏழுக்கு மேல். போன வருடச் சீட்டில் 1.9 இருந்திருக்கிறது. இந்த மாத்திரை சாப்பிடும்போது எண் ஏறினாலே எச்சரிக்கைதான். இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்து யாரும் பார்க்கவில்லை. இடுப்புவலி என்று அவர் திரும்பி வந்தபோது நோய் எலும்புக்குப் போயிருந்தது. “மாத்திர சாப்பிடுதியளான்னு ஒருத்தரும் கேக்கலியே அண்ணாச்சி” என்றார். கேட்டிருக்க வேண்டும்தான். ஆனால் அவர்கள் கேட்கும்வரை நீங்கள் காத்திருக்காதீர்கள். மாத்திரை அட்டையையே கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள், பழைய சீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கி வையுங்கள். முடி கொட்டுகிறது என்று ஃபினாஸ்டரைடு சாப்பிடுபவர்களும் இதைச் சொல்ல வேண்டும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

சிறுநீர்த் தொற்று இருக்கும்போது பி.எஸ்.ஏ. பார்த்தால் இதற்கு நேர்மாறாக எண் எகிறும். அது ஆறிய பிறகு, சில வாரம் விட்டுத் திரும்பப் பார்ப்பார்கள்.

இதய மாத்திரையை மறைப்பது

பயாப்ஸிக்கு முன், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையைச் சொல்லாமல் விடுவதும் ஆபத்து, நாமாக நிறுத்துவதும் ஆபத்து.

பயாப்ஸிக்குப் பின் வரும் காய்ச்சலை ‘விடியட்டும்’ என்று விடுவது

சிறுநீரில் சில நாள் ரத்தம் வரலாம், விந்தில் சில வாரம்கூட வரலாம். அதற்குப் பதற வேண்டாம். நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடாதீர்கள். மலக்குடல் வழியாக ஊசி போயிருந்தால் அங்குள்ள கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம். அந்த ராத்திரியே அவசரப் பிரிவுக்குப் போய், பயாப்ஸி செய்திருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள்.

கிளீசன் ‘ஏழு’ என்று மட்டும் கேட்டுக்கொள்வது

கிளீசன் என்பது பயாப்ஸியில் நோயின் தீவிரத்துக்குப் போடும் மதிப்பெண்; இரண்டு எண்களைக் கூட்டிச் சொல்வார்கள். 3+4 என்றாலும் ஏழு, 4+3 என்றாலும் ஏழு. பின்னது தீவிரம் கூடியது.

ஹார்மோன் ஊசித் தேதியைத் தள்ளுவது

ஆண் ஹார்மோனை அடக்கிவைக்கப் போடும் இந்த ஊசியை, தேரோட்டம் முடியட்டும் என்று தள்ளாதீர்கள்.

கதிர்வீச்சுக்குக் காலிச் சிறுநீர்ப்பையோடு வருவது

சங்கரன்கோவில், தென்காசியிலிருந்து பஸ்ஸில் வருபவர்கள் வழியில் இறங்க முடியாதே என்று தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள். சிறுநீர்ப்பை ஓரளவு நிரம்பியிருந்தால்தான் அதன் பெரும்பகுதியும் குடலும் கதிர் படும் இடத்திலிருந்து விலகியிருக்கும். தினமும் ஒரே மாதிரி நிரம்பியிருக்கவும் வேண்டும். அதனால் கொஞ்சம் முந்தின பஸ்ஸைப் பிடியுங்கள். வந்ததும் சிறுநீர் கழித்துவிட்டு, அவர்கள் சொல்லும் அளவு தண்ணீரைக் குடித்துவிட்டுக் காத்திருங்கள்.