பழைய மஸ்டாங்கில் துரு வேலை: தரையைத் தொடும் முன் கவுலைப் பாருங்கள்

1964 ஏப்ரலில் ஃபோர்டு வெளியிட்ட மஸ்டாங், 1966 மார்ச்சுக்குள் பத்து லட்சம் வண்டிகளைத் தொட்டுவிட்டது. அதனால்தான் இன்றைக்கும் அமெரிக்காவில் தரைத் தகடு முதல் ஃபெண்டர் (முன்சக்கரத்தை மூடும் பக்கத் தகடு) வரை அதற்கான உதிரிகள் ஏறக்குறைய எல்லாமே புதிதாக அச்சடித்துக் கிடைக்கின்றன. வீட்டு ஷெட்டில் முதன்முதலாகத் துரு வேலையில் இறங்குகிறவருக்கு இதைவிடத் தோதான பழைய வண்டி கிடையாது. ஆனால் பலர் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். ஓட்டுநர் கால் வைக்கும் இடம் இற்றுப்போயிருப்பதைப் பார்த்ததும் புதுத் தகடு வாங்கி வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். கொஞ்ச காலத்தில் கார்ப்பெட்டுக்கு அடியில் மறுபடியும் ஈரம். காரணம், தண்ணீர் கீழிருந்து வரவில்லை, மேலிருந்து இறங்குகிறது.

முன்கண்ணாடிக்குக் கீழே, பானெட் முடியும் இடத்தில் இருக்கும் பெட்டிதான் கவுல். இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் புள்ளி புள்ளியாக ஒட்டும் ஸ்பாட் வெல்டிங் செய்திருப்பார்கள். வண்டிக்குள் காற்று வருவதற்காகக் கீழ்த் தகட்டில் இரண்டு பக்கமும் தொப்பி போல எழும்பிய துவாரங்கள் உண்டு. மழைநீர் அந்தத் தொப்பிகளைச் சுற்றி ஓடி, இரு ஓரங்களிலும் ஃபெண்டருக்குப் பின்னால் வடிய வேண்டும். சருகு விழுந்து அடைத்துக்கொண்டால் ஈரம் அங்கேயே கிடந்து தொப்பியின் அடிவிளிம்பை அரிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

சோதிப்பது எளிது. கார்ப்பெட்டை எடுத்துவிட்டு ஒருவர் உள்ளே டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச்சுடன் படுத்துக்கொள்ளட்டும். இன்னொருவர் கவுல் சல்லடை வழியாக ஹோஸ் பைப்பில் ஐந்து நிமிடம் மெதுவாகத் தண்ணீர் விடட்டும். உள்ளே ஒரு சொட்டு விழுந்தாலும் கவுல் போய்விட்டது என்றே பொருள். மேலிருந்து கைவிட்டு சிலிகானோ ஃபைபர் கிளாஸோ பூசி அடைப்பவர்கள் உண்டு. அது நிற்காது. பூச்சுக்கும் இரும்புக்கும் நடுவே துரு தொடர்ந்து ஓடும். பானெட், ஃபெண்டர்கள், முன்கண்ணாடி, வைப்பர் இணைப்புகள் எல்லாவற்றையும் கழற்றி, மேல் தகட்டைத் தூக்கித்தான் ஆக வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்பாட் வெல்டுகள் இருக்கும், பொறுமை தேவை. பெயின்ட்டைக் கம்பி பிரஷால் எடுத்தால் ஒவ்வொன்றும் சின்னக் குழியாகத் தெரியும். நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, 8 மி.மீ. ஸ்பாட் வெல்டு கட்டரால் மேல் தகட்டை மட்டும் துளையுங்கள். கட்டர் அடித்தகட்டுக்குள் இறங்கிவிட்டால் அந்த ஓட்டையையும் அடைக்கும் வேலை கூடிவிடும்.

வெல்டிங் மிஷினைக் கையில் எடுக்கும் முன் மூன்று விஷயங்கள். முதலாவது பெட்ரோல் டேங்க். இந்த வண்டியில் டேங்கின் மேற்பரப்பே டிக்கியின் தரை. பின்பக்கம் ஒரு தீப்பொறி விழுந்தாலும் டேங்க் மேல்தான் விழும். ஆகவே அதைக் கழற்றி வெளியே கொண்டுபோய் வையுங்கள். பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள். இரண்டாவது, குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த தகட்டில் வெல்டிங் வைக்கக் கூடாது. அந்த மிச்சம் சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயுவாக மாறும். அசிட்டோன் போட்டுத் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். மூன்றாவது, கூரையும் பின் குவார்ட்டர் பேனலும் (பின்சக்கரத்தை ஒட்டிய பக்கத் தகடு) சேரும் இடத்தில் கம்பெனியிலேயே ஈயம் பூசியிருப்பார்கள். அங்கே கிரைண்டர் ஓட்டினால் ஈயத்தூள் பறக்கும். சூடாக்கி வழித்தெடுங்கள், மாஸ்க் போடாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மஸ்டாங்குக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தரை, ராக்கர் பேனல் (கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டிப் பகுதி), கவுல் எல்லாம் சேர்ந்துதான் வண்டியின் எலும்பு. ஒன்றை அறுத்தால் மற்றவை அசையும். கன்வெர்ட்டிபிளில் கூரையும் இல்லாததால் நடுவில் தொய்ந்தே போகும். அதனால் அறுக்கும் முன் கதவு நிலைகளின் குறுக்கே 25 மி.மீ. சதுரக் குழாயை வெல்டிங் வைத்து முட்டுக் கொடுங்கள். முன் சஸ்பென்ஷனுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் அடியில் ஸ்டாண்ட் வைத்தால், சக்கரத்தில் நிற்பது போலவே பாடி இயல்பான நிலையில் இருக்கும். ஒவ்வொரு கதவுக்கும் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் இடைவெளியை அளந்து, அந்த எண்ணை மாஸ்கிங் டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டிவிடுங்கள். வேலை நடக்கும்போது எண் 2 மி.மீ. மாறினாலும் நிறுத்திவிட்டு எங்கே இழுக்கிறது என்று பாருங்கள். எல்லாம் முடிந்து கதவு மூடவில்லை என்று தெரிந்தால் சரிசெய்ய வழியே இருக்காது.

இருபுறத் தரைகளையும் ஒரே நேரத்தில் அறுக்காதீர்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம். பளபளவென்ற நல்ல இரும்பு வரும்வரை அறுத்து, புதுத் தகட்டை ஏறக்குறைய 20 மி.மீ. மேலேறும்படி வெட்டிப் பொருத்துங்கள். விளிம்பில் 8 மி.மீ. ஓட்டைகளை 30 மி.மீ.க்கு ஒன்றாகப் போட்டு, மறைந்துபோகும் பரப்புகளில் வெல்டிங்குக்கான துத்தநாக பிரைமர் அடித்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, ஓட்டைகளை வெல்டிங்கால் நிரப்புங்கள். துத்தநாகப் புகை காய்ச்சல் தரும், காற்றோட்டம் வேண்டும்.

தகட்டின் கனம் ஏறக்குறைய 1 மி.மீ.தான். 0.6 மி.மீ. கம்பியும், 75 சதவீதம் ஆர்கான், 25 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயுவும் போட்ட மிக் வெல்டிங் இதற்குச் சரி. வாயு இல்லாத ஃபிளக்ஸ் கம்பி இவ்வளவு மெல்லிய தகட்டில் பொத்தல் போட்டுவிடும். கோடு இழுக்காதீர்கள். ஒரு புள்ளி வைத்ததும் அரை அடி தள்ளி அடுத்த புள்ளி என மாறி மாறி வையுங்கள். கை வைக்கும் அளவுக்குச் சூடு ஆறிய பிறகே பக்கத்தில் மறுபுள்ளி. அவசரப்பட்டால் தகடு அப்பளம் போல நெளியும்.

கழற்றி எடுத்த பிராக்கெட், சீட் ரெயில் போன்ற சின்னச் சாமான்களுக்கு, தண்ணீரில் மின்சாரம் செலுத்தித் துருவைக் கழற்றும் எலக்ட்ராலிசிஸ் அருமையான வழி. 20 லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மேஜைக்கரண்டி வாஷிங் சோடா. 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவ் முனை சாமானுக்கு, பாசிட்டிவ் முனை ஒரு பழைய இரும்புத் துண்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் உங்கள் சாமானே கரையும். துண்டாக எவர்சில்வர் போடவே கூடாது, அதிலிருந்து நச்சுத்தன்மையுள்ள குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வெளியேறுவதால் திறந்தவெளியில் வையுங்கள். ஸ்பிரிங், சஸ்பென்ஷன் போல்ட் போன்ற உறுதியேற்றிய இரும்பை இதில் போடாதீர்கள். ஹைட்ரஜன் உள்ளே புகுந்து ஒருநாள் சட்டென்று முறியும். ஒரு ராத்திரி ஊறியதும் எடுத்துக் கழுவி, ஹேர் டிரையரால் காயவைத்து, அப்போதே பிரைமர் அடியுங்கள். விட்டுவைத்தால் கண்ணெதிரே மஞ்சள் துரு படரும்.

துரு மாற்றும் திரவங்களை மேலோட்டமான துருவுக்கு மட்டும் நம்புங்கள். அவற்றின் அமில மிச்சம் ஒட்டியிருந்தால் மேலே அடிக்கும் எபாக்சி பிடிக்காமல் உரியும். 80 நம்பர் தாளால் தேய்த்த வெறும் இரும்பில் இரண்டு கோட் எபாக்சி பிரைமர், அதன்மேல் மூட்டுகளில் இடைவெளியை அடைக்கும் பசையான சீம் சீலர் என்பதே வரிசை. வெறும் இரும்பில் சீலர் பூசினால் அதற்கடியில் துரு வளரும். கவுலின் உட்புறத்தை, மேல் தகட்டை மூடும் முன்பே முழுதும் பெயின்ட் அடித்துவிடுங்கள். மூடிய பிறகு அங்கே கை போகாது.

பிரேக் டிரம்களைத் திறக்கும்போது பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு, காற்றடிக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். 1966 வரையான மஸ்டாங்குகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் சர்க்யூட்தான். துரு அரித்த ஒரு பைப் வெடித்தால் மொத்த பிரேக்கும் போய்விடும். வண்டி பிரிந்திருக்கும்போதே பைப்புகளை மாற்றி, 1967 வகை இரட்டைச் சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் திரவத்தைத் தள்ளும் பகுதி) போட்டுவிடுவது நல்லது.

கடைசியாக ராக்கர் பேனல், ஃபிரேம் ரெயில், கதவு அடி ஆகியவற்றுக்குள் நீண்ட நாசிலால் கேவிட்டி வேக்ஸ் என்ற துருத்தடுப்பு மெழுகை அடியுங்கள். வடிகால் ஓட்டைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். வெல்டிங் எல்லாம் தீர்ந்த பிறகே இந்த மெழுகு. முன்கூட்டியே அடித்தால் அடுத்த வெல்டிங்கில் உள்ளுக்குள்ளேயே தீப்பிடிக்கும், அணைக்கத் தண்ணீர் போகவும் வழி இருக்காது.