இத்திபாதப் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு பௌத்த தியானத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு தயக்கம் இருக்கும். மனம் குவிய வேண்டும் என்று விரும்புவதும் ஆசைதானே என்று அதையும் அடக்கப் பார்ப்பார்கள். பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான்.

மனத்துக்கு ஆற்றல் தரும் அடிப்படைகளாகப் பாலி மொழியிலுள்ள பழைய பௌத்த நூல்கள் நான்கைச் சொல்கின்றன: விருப்பம், முயற்சி, ஒன்றிய மனம், ஆராய்ந்து பார்த்தல். இவைதான் இத்திபாதங்கள். விருப்பம்தான் முதலில் நிற்கிறது. கோசம்பி நகரில் துறவிகள் தங்கியிருந்த கோசிதாராமம் என்ற தோட்டத்துக்கு வந்த உண்ணாபர் என்ற பிராமணர், புத்தரின் சீடரான ஆனந்தரிடம் இதையே கேட்டார்: ஆசையைக் கொண்டே ஆசையை ஒழிப்பதென்றால் அதற்கு முடிவு ஏது? ஆனந்தர் திருப்பிக் கேட்டார்: இந்தத் தோட்டத்துக்கு வரவேண்டும் என்ற விருப்பம் உங்களுக்கு இருந்ததல்லவா, வந்து சேர்ந்ததும் அது அடங்கிவிட்டதல்லவா? ஆமாம் என்றார் அவர். போய்ச் சேரும் வரை விருப்பம் வேண்டும். அதை முன்கூட்டியே கொன்றுவிட்டால் வெறுமனே கண்ணை மூடி உட்கார்ந்திருப்போம், அவ்வளவுதான்.

சித்து வேலைகளுக்காக இதில் இறங்குவது இன்னொரு தவறு. இத்திபாதங்களை வளர்த்தால் அவையும் கைகூடும் என்று நூல்கள் சொல்வது உண்மை. ஆனால் ராஜகிருகத்தில் உயரத்தில் வைத்திருந்த சந்தனக் கிண்ணத்தை ஆற்றலால் எடுத்துக் காட்டிய பிண்டோல பாரத்துவாஜர் என்ற துறவியைப் புத்தர் கடிந்துகொண்டார்; இல்லறத்தார் முன் அப்படிக் காட்டக் கூடாதென்று விதியும் செய்தார்.

சரி, விருப்பமும் முயற்சியும் இருந்தால் போதுமா? போதாது. புத்தரின் உரைகளைத் தொகுத்த சம்யுத்த நிகாயம் என்ற நூலின் இத்திபாதப் பகுதி, நான்கில் ஒவ்வொன்றுக்கும் ஒரே நான்கு கோளாறுகளைச் சொல்கிறது: சோம்பலால் தளர்வது, பரபரப்பால் இறுகுவது, தூக்கக் கலக்கத்தால் உள்ளே சுருங்குவது, புலன் இன்பங்களைத் தேடி வெளியே சிதறுவது. புதியவர்கள் முயற்சியில்தான் இறுகுவார்கள். ஒரு மணி நேரம் அசையவே மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்வார்கள். தோள் ஏறிக்கொள்ளும், மூச்சு அடைபடும், அடுத்த நாள் உட்காரவே மனம் வராது. கொஞ்சம் பழகியவர்களுக்கு உள்ளே சுருங்குவதுதான் பெரிய ஆபத்து என்பேன். எண்ணங்கள் நின்று, உடல் லேசாகி, சுகமாக இருக்கும். அதைச் சமாதி, அதாவது மனம் முழுதாகக் குவிந்த நிலை என்றே நம்பிவிடுவார்கள். ஆனால் தலை மெல்ல முன்னால் சாய்ந்திருக்கும், கடைசியாக விட்ட மூச்சு எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அது அரைத்தூக்கம். பகல் வெளிச்சத்தை மனத்தில் கொண்டு, இரவிலும் அப்படியே இருக்கப் பழகச் சொல்கிறது அதே பகுதி.

இதையெல்லாம் கண்டுபிடிக்கிற வேலை நான்காவதான ஆராய்ச்சியுடையது. அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மணி அடித்ததும் எழுந்து ஓடாமல், இன்று தளர்ந்தேனா, இறுகினேனா, சுருங்கினேனா, சிதறினேனா என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். அதற்காகத் தனியாக இன்னொரு முறை உட்கார வேண்டியதில்லை.