பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப் இயங்கவில்லையா?

பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் முடிந்ததும் திரை கறுப்பாகவே இருந்தால், உடனே பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிடாதீர்கள். புதிய ஃபர்ம்வேர் (பயாஸ் போல வன்பொருளிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) முதல்முறை இயங்கும்போது நினைவகத்தைச் சோதித்துச் சீரமைப்பதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கலாம் என்பதால், சார்ஜரை இணைத்தபடியே அரைமணி நேரமாவது பொறுத்திருங்கள். பாதியில் மின்சாரத்தைத் துண்டிப்பதுதான் உண்மையான ஆபத்து.

அதன் பிறகும் அசைவில்லையெனில் சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 வினாடிகள் அழுத்திப் பிடித்து, மீண்டும் சார்ஜரை இணைத்து இயக்குங்கள்.

திரையில் எழுத்து தெரிந்தும் விண்டோஸ் மட்டும் திறக்கவில்லையென்றால், பெரும்பாலும் ஃபர்ம்வேர் பழுதாகியிருக்காது. அப்டேட்டின்போது பயாஸ் அமைப்புகள் இயல்புநிலைக்குத் திரும்பியிருக்கும். என் லேப்டாப்பில் நடந்ததும் இதுவே. நீலத்திரையில் 'இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்' (விண்டோஸ் உள்ள வட்டை அணுக முடியவில்லை) என்று வந்தது. பயாஸுக்குள் சென்று பார்த்தபோது, சேமிப்பகப் பிரிவில் வட்டை இயக்கும் முறை முன்பு ஏஎச்சிஐ (AHCI) என்றிருந்தது, ரெய்ட் (RAID) என மாறியிருந்தது. பழையபடி மாற்றிச் சேமித்ததும் விண்டோஸ் வழக்கம்போல் திறந்தது. எனவே, வன்தட்டை ஃபார்மேட் செய்யச் சொல்பவரிடம் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

விண்டோஸின் வட்டுப் பூட்டு வசதியான பிட்லாக்கர் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்டால், வேறொரு கருவியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து தேடுங்கள். பெரும்பாலும் அங்கே பதிவாகியிருக்கும்.

ஃபர்ம்வேரே சிதைந்திருந்தாலும் பல மாடல்களில் மீட்பு வழி உண்டு. ஹெச்பியில் விண்டோஸ் பட்டனையும் பி (B) எழுத்தையும் சேர்த்து அழுத்திக்கொண்டே இயக்க வேண்டும். மற்ற நிறுவனங்களின் முறையை உங்கள் மாடலுக்குரிய கையேட்டில் பாருங்கள்.