சென்னையில் ரைபிள் சுடப் பழகப் போகிறீர்களா? கேலிபரைத் தேர்வு செய்வது எப்படி

"ரைபிள் வாங்கலாம்னு இருக்கேன், எந்த கேலிபர் (குழல் அளவு) நல்லது?" என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்க யூடியூப் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கே மானுக்கு .243 போதுமா, .308 வேண்டுமா என்று மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். சென்னையில் அந்தச் சண்டைக்கு வேலையே இல்லை. இங்கே முக்கால்வாசி முடிவைச் சட்டமும், சுடக் கிடைக்கிற இடமும் எடுத்துவிடும். மிச்சம்தான் நம் விருப்பம்.

படி 1: வேட்டையை மறந்துவிடுங்கள்

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. கிண்டியில் திரியும் வெளிமானுக்கும் புள்ளிமானுக்கும் மட்டுமில்லை, பள்ளிக்கரணையில் நிற்கும் மடையானுக்கும் அதுதான் காவல். "ஏர் கன்தானே, ஒரு கொக்கு சுட்டா என்ன?" என்று இழுக்கிறவர்கள் உண்டு. எதனால் சுட்டீர்கள் என்பது பேச்சே இல்லை, சுட்டாலே குற்றம்.

வெளிநாட்டில் கேலிபருக்கு ஏன் அவ்வளவு மெனக்கெடுகிறார்கள்? விலங்கு வதைபடாமல் உடனே விழ வேண்டும் என்பதற்காக. இங்கிலாந்தில் பெரிய மான்களுக்கு .240க்குக் குறைந்த ரைபிளைப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நாம் சுடப்போவது தாள் இலக்கைத்தான். தாளில் ஓட்டை போட அந்தச் சக்தியெல்லாம் தேவையில்லை.

படி 2: எண்ணைப் படிக்கப் பழகுங்கள்

கேலிபர் என்பது குழலின் உள் அகலம், அவ்வளவுதான். .177 என்றால் அங்குலத்தில் 0.177, அதாவது 4.5 மில்லிமீட்டர். .22 என்றால் ஏறக்குறைய 5.6 மில்லிமீட்டர். சக்தி எவ்வளவு என்பதை இந்த எண் சொல்லாது. .22 ரைபிளில் வழக்கமாகப் போடும் எல்.ஆர். (லாங் ரைபிள்) தோட்டா குழலை விட்டு வரும்போது அதன் சக்தி சுமார் 140 ஜூல். அகலத்தில் அதற்குக் கிட்டத்தட்ட அண்ணன் தம்பியான .223 தோட்டாவோ 1,700 ஜூலைத் தொடும். எண் பக்கத்தில் இருக்கிறதே என்று இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

படி 3: 4.5 மில்லிமீட்டரில் தொடங்குங்கள்

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி, குழல் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போனாலோ, சக்தி 20 ஜூலைத் தாண்டினாலோ ஏர் ரைபிளுக்கும் (காற்றழுத்தத்தால் சுடும் ரைபிள்) லைசென்ஸ் வேண்டும். இரண்டுக்கும் உட்பட்டிருந்தால் தேவையில்லை. ஆகவே .22 ஏர் ரைபிள் மேல் ஆசைப்படுகிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: லைசென்ஸுக்கு அலைவதென்று ஆகிவிட்டால், அந்த அலைச்சலை வெடிமருந்துத் தோட்டா போடும் நிஜமான .22க்கே அலையலாம்.

4.5 என்றால் குழந்தை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் போட்டி இதில்தான். 2008இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், சென்னையில் பிறந்த ககன் நரங் 2012இல் வெண்கலம் வாங்கியதும் இதே கேலிபரில்தான். அந்தப் போட்டித் தாளில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் அளவுள்ள வெறும் பொட்டு.

படி 4: பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தை நம்புவதற்கு முன் கணக்குப் போடுங்கள்

"நொடிக்கு 1,000 அடி" என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும். அதாவது சுமார் 305 மீட்டர். சக்தி = பாதி × எடை × வேகத்தின் வர்க்கம். எடையைக் கிலோவில் போட வேண்டும். அரை கிராம் பெல்லட் (ஏர் ரைபிளில் போடும் சின்ன ஈயக் குண்டு) உண்மையிலேயே அந்த வேகத்தில் போனால் 23 ஜூல் வருகிறது, எல்லையைத் தாண்டிவிட்டது! பெரும்பாலும் எடை குறைந்த பெல்லட்டை வைத்து அளந்த வேகமாக இருக்கும். 0.35 கிராம் என்றால் 16 ஜூல்தான். எந்த எடை பெல்லட்டில் அளந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள், ஜூல் அளவை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போட்டி ரைபிள்களே 8 ஜூலுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. வேகத்தால் 10 மீட்டரில் ஒரு லாபமும் இல்லை.

படி 5: துப்பாக்கிக்குப் பிடித்த பெல்லட்டைக் கண்டுபிடியுங்கள்

கேலிபரைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தை இங்கே செலவழிக்கலாம். ஒரே 4.5இலும் 4.49, 4.50, 4.51 என்று தலை அளவு வேறு வேறாக டப்பாக்கள் கிடைக்கும். தாளுக்குத் தட்டைத் தலை பெல்லட் வாங்குங்கள், வட்டமாக வெட்டி ஓட்டை போடும். மூன்று நான்கு வகை போதும்.

முதலில் பெல்லட்டைத் திருப்பிப் பின்பக்கப் பாவாடையை, அதாவது விரிந்திருக்கும் விளிம்பைப் பாருங்கள். நசுங்கியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள். மணல் மூட்டை மேல் உங்கள் இடது கையை வைத்து, கை மேல் ரைபிளைக் கிடத்துங்கள். ஸ்பிரிங்கால் இயங்கும் ஏர் ரைபிளை நேராக மூட்டை மேல் வைத்தால் துள்ளும், இறுக்கிப் பிடித்தாலும் குறி சிதறும். வகை மாற்றும்போதெல்லாம் சில குண்டுகளை வீணாகச் சுட்டுவிட்டு, அப்புறம் புதுத் தாளில் ஐந்து சுடுங்கள். நடுவில் சைட்டை (குறி பார்க்கும் பாகம்) திருத்தக் கூடாது. நடுப்புள்ளியில் பட்டதா என்பது இப்போது முக்கியமில்லை. அதிகம் விலகிய இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே ஸ்கேல் வைத்து அளந்து, எது குறைவோ அந்த டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு டீ குடிக்கப் போங்கள், பெல்லட் ஈயம். குழலை எண்ணெய்த் துணியால் துடைக்காமல் வைத்தால் நம் ஊர்க் கடல்காற்று துரு ஏற்றிவிடும்.

மொட்டை மாடியில் இதையெல்லாம் செய்ய வேண்டாம். தவறிய பெல்லட் பக்கத்துத் தெரு வரை போகும். எழும்பூரில் சென்னை ரைபிள் கிளப் இருக்கிறது. 2021 மாநிலப் போட்டியில் நடிகர் அஜித் அந்த கிளப் சார்பில் பதக்கம் வாங்கிய பிறகு ஆர்வம் கூடியது. அவர் சுட்டது பிஸ்டல், ரைபிள் இல்லை!

படி 6: .22க்குப் போவது எப்போது

பத்து மீட்டரில் உங்கள் ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் தொடர்ந்து அடங்கினால் யோசிக்கலாம். 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் போட்டி .22தான். இதற்கு லைசென்ஸ் கட்டாயம். சென்னை மாநகரில் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பொதுவாக 21 வயது ஆகியிருக்க வேண்டும். தோட்டா ஒன்றரை கிலோமீட்டர் வரை போகக்கூடியது என்பதால், முறையான ரேஞ்ச் (துப்பாக்கி சுடும் தளம்) தவிர வேறெங்கும் இதை எடுக்காதீர்கள். முதலில் கிளப்பில் சேருங்கள், அங்கே கிளப் துப்பாக்கியில் சுட்டுப் பாருங்கள், லைசென்ஸ் அப்புறம்.

.315, .30-06 போன்றவை லைசென்ஸுடன் கிடைப்பவைதான். ஆனால் தோட்டா விலையும் தோளில் விழும் உதையும் தொடக்கக்காரருக்கு ஒத்துவராது. பழைய .303யும் 7.62உம் தடை செய்யப்பட்ட வகை, கேட்டுப் பார்க்கவே வேண்டாம்.