டிராக்டர் பெரிய டயருக்குத் தண்ணீர் ஏற்றுவது எப்படி?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பு. மழை பெய்த மறுநாள் 9 கொழுக் கலப்பையை இறக்கினால் பெரிய டயர் நின்ற இடத்திலேயே சுற்றும், டீசல்தான் தீரும். டயரில் எடை கூடினால்தான் மண்ணில் பிடிப்பு வரும். இரும்பு வெயிட் மாட்டலாம், காசு ஆகும். கிணற்றுத் தண்ணீர் சும்மா கிடக்கிறது, லிட்டருக்கு ஒரு கிலோ. என் வண்டியின் 13.6-28 டயர் ஒவ்வொன்றும் 160 லிட்டருக்கு மேல் குடித்தது.

மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, வண்டியை நியூட்ரலில் போட்டு, டயர் தரையைத் தொடாத அளவுக்கு ஜாக்கியில் தூக்குங்கள். ஜாக்கிக்கு அடியில் பலகை போடாவிட்டால் நம் மண்ணில் அது இறங்கிவிடும். வால்வு உச்சிக்கு வரும்வரை சக்கரத்தைச் சுற்றுங்கள். அப்போது வால்வு மட்டம் வரைதான் தண்ணீர் நிற்கும், அது ஏறத்தாழ முக்கால் டயர். மீதி இடம் காற்றுக்கு. அது இல்லாவிட்டால் டயர் கல்லில் ஏறும்போது அதிர்ச்சி தாங்காது.

காற்றை இறக்கிவிட்டு வால்வுக்குள் காற்றை அடைக்கும் சின்னப் பின்னைக் கழற்றி ஓஸைச் செருகுங்கள்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஓஸை வால்வில் இறுக்கிக் கட்டி மோட்டாரைப் போட்டேன். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் ஏறுவது நின்றுவிட்டது. மோட்டார்தான் கெட்டது என்று அரை மணி நேரம் அதையே நோண்டினேன். கடைசியில் ஓஸைப் பிடுங்கியதும் மூஞ்சியில் பீய்ச்சி அடித்தது. உள்ளே இருந்த காற்று வெளியேற வழியில்லை, அவ்வளவுதான். காற்று போக வழியுள்ள அடாப்டர் இல்லாதவர்கள் கொஞ்சம் ஏற்றி, ஓஸை எடுத்துக் காற்றை விட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். முகத்தை வால்வுக்கு நேரே வைக்காதீர்கள். பக்கவாட்டில் காற்று போகத் துளையுள்ள ஏர்-வாட்டர் அடாப்டர் டயர் கடையில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். மோட்டாரும் வேண்டாம், மாடித் தொட்டித் தண்ணீரே போதும். நிதானமாக ஏறும், டியூபுக்கும் நல்லது. வாய்க்கால் தண்ணீர் என்றால் துணியில் வடிகட்டுங்கள்.

வால்வில் தண்ணீர் வழிந்ததும் பின்னை மாட்டி, வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவுக்குக் காற்று அடியுங்கள். வால்வு மேலே இருக்கும்போதே பிரஷர் கேஜ் வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் கேஜுக்குள் தண்ணீர் போகும். காற்றுக்கு இடம் குறைவு என்பதால் சிறு கசிவுக்கே பிரஷர் சட்டென்று இறங்கும். வாரம் ஒருமுறை பாருங்கள்.

குளிர்நாடுகளில் தண்ணீர் உறையாமலிருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். நமக்கு எதற்கு? கசிந்தால் ரிம்மைத் தின்றுவிடும்.

பின்சேர்க்கை: சித்தூரில் நெல் வைத்திருக்கும் மாமா ஒருவர், சேறடிக்கும்போதும் தண்ணீர் இருக்கலாமா என்று கேட்டார். கூடாது மாமா, வண்டி புதைந்துவிடும். வால்வைக் கீழே கொண்டுவந்து வடித்துவிட்டு, சேற்றில் ஓட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரத்தை (கேஜ் வீல்) மாட்டுங்கள்.

இன்னொன்று, பஞ்சர் கடையில் தண்ணீர் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் மறந்துபோன அன்று கடைக்கார அண்ணனின் லுங்கி முழுக்க நனைந்து, கூலி இரட்டிப்பானது.