பின்னுக்குப் போவது வேறு, கெட்டுப்போவது வேறு: ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறியும் செய்முறை

திருகோணமலை உவர்மலையில் மாலை நேரம் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதப்போகும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாரியில் ஒரு பிள்ளை கட்டுரை எழுதி வந்தாள். மகாவலி பெருகி மூதூர்ப் பக்கம் வெள்ளம் ஏறியதையும் மூன்றாம் நாள் அது வடிந்ததையும் அழகாக எழுதியிருந்தாள். ஆனால் 'வடிந்தது' என்ற இடத்தில் 'டிட்டீரியரேட்' என்று போட்டிருந்தாள். வாசிப்பவருக்கு நிலைமை இன்னும் மோசமானதாகத்தான் தோன்றும். அவள் சொல்ல வந்ததோ நல்ல செய்தி.

பிழை அவளுடையது அல்ல. சிறிய அகராதிகள் 'குறைதல், பின்னடைதல், சீர்கெடுதல்' என்று ஒரே வரியில் எல்லாவற்றையும் அடுக்கிவிடுகின்றன. ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்து வாருங்கள், பிரித்துப் பார்ப்போம்.

படி 1: தாளின் நடுவே கோடு போடுங்கள்

இடப்பக்கத்துக்கு 'பின்னுக்குப் போதல்' என்றும் வலப்பக்கத்துக்கு 'கெட்டுப்போதல்' என்றும் தலைப்பு எழுதுங்கள். இலத்தீனில் 'ரே' என்றால் பின்னே, திரும்ப. 'டே' என்றால் கீழே, விலகி. அதனால் 'ரி' என்று தொடங்குபவை பெரும்பாலும் இடப்பக்கம் போகும், 'டி' என்று தொடங்குபவை வலப்பக்கம் போகும். இது முதல் வடிகட்டல்தான். சில சொற்கள் பிறகு கோட்டைத் தாண்டும்.

படி 2: வேரைப் பிடியுங்கள்

நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய படி இதுதான். வேர் தெரிந்தால் சொல் மறக்காது.

ரிஸீட்: வேர் 'போதல்'. வெள்ளம், அலை, முன்நெற்றி முடி, எல்லாமே ரிஸீட் ஆகும். அந்தப் பிள்ளை எழுதியிருக்க வேண்டிய சொல் இது. கடையில் தரும் பற்றுச்சீட்டும் காதுக்குக் கிட்டத்தட்ட இப்படித்தான் கேட்கும். ஆனால் அதன் கடைசி ஒலி வலிது, இதன் கடைசி ஒலி மெலிது. வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

ரிவர்ட்: வேர் 'திரும்புதல்'. பழைய நிலைக்கோ பழைய பழக்கத்துக்கோ திரும்புவது.

ரிலாப்ஸ்: வேர் 'வழுக்குதல்'. ஏறி வந்தவர் மறுபடி வழுக்கி விழுவது. 'ரி' என்று தொடங்கினாலும் இதை வலப்பக்கத்தில் எழுதுங்கள். காய்ச்சல் விட்டு நான்கு நாள் நடமாடியவருக்கு மறுபடி காய்ச்சல் வந்தால் ரிலாப்ஸ். விடாமலே கூடிக்கொண்டு போனால் அது ரிலாப்ஸ் இல்லை, டிட்டீரியரேட். இடையில் ஒரு சுகம் இருந்ததா என்று கேட்டால் போதும், இரண்டும் பிரிந்துவிடும்.

டிக்ளைன்: வேர் 'சாய்தல்'. மெல்லச் சரிவது. மீன்பாடு ஆண்டுக்கு ஆண்டு குறைந்தால் டிக்ளைன். அழைப்பை மரியாதையாக மறுப்பதற்கும் இதே சொல்தான்.

டிட்டீரியரேட்: இலத்தீனில் 'டிட்டீரியர்' என்றாலே 'இன்னும் மோசமான' என்று பொருள். உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் தகரம், பராமரிப்பில்லாத வீதி, நோயாளியின் உடல்நிலை, எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

எப் என்ற சின்னச் சொல் இலத்தீன் அல்ல, பழைய ஆங்கிலச் சொல். கடல் வற்றுவது எப். எங்கள் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றர்கூட வராது. அதனால் இங்குள்ள பிள்ளைகளுக்கு அதைக் கண்ணால் காட்டுவது கடினம். தெம்பும் உற்சாகமும் மெல்ல வடிவதற்கும் ஆங்கிலத்தில் இதையே சொல்வார்கள்.

படி 3: 'பின்னுக்குப் போவது எது?' என்று கேளுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியம்மாவின் மருத்துவ அறிக்கை வீட்டுக்கு வந்தது. அதில் கட்டி 'ரிக்ரெஸ்' ஆகியிருப்பதாக எழுதியிருந்தது. வீட்டில் எல்லோரும் 'பின்னடைவு' என்று விளங்கிக்கொண்டு அழுதுவிட்டோம். ரிக்ரெஸ் என்பதன் வேர் 'அடி வைத்தல்', அதாவது பின்னோக்கி அடி வைப்பது. அடி வைத்தது பெரியம்மா அல்ல, கட்டி. அது சுருங்கியிருந்தது. மறுநாள் வைத்தியர் சொல்லும்வரை அந்த இரவு முழுக்க நாங்கள் பட்ட வேதனை தேவையே இல்லாதது. இந்தப் படியை நான் எந்த வகுப்பிலும் விடாமல் சொல்வது அதனால்தான்.

ஆக, நோய் ரிக்ரெஸ் ஆனால் நல்லது. பேசத் தொடங்கிய குழந்தை பேச்சை மறந்தால் அதுவும் ரிக்ரெஸ், ஆனால் அது கவலைக்குரியது. சொல் ஒன்றுதான். நல்லதா கெட்டதா என்பதை எழுவாய்தான் சொல்லும்.

படி 4: விரும்பிப் போனதா, தள்ளப்பட்டதா?

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. அதன்பின் பிரித்தானியக் கிழக்குக் கடற்படை தன் தளத்தைக் கென்யாவின் கிலிண்டினித் துறைமுகத்துக்கு மாற்றியது. இதை எழுதும்போது 'வித்ட்ரோ' என்றால் முடிவெடுத்து விலகியது என்ற சாயல் வரும். 'ரிட்ரீட்' என்றால் எதிரியின் அழுத்தம் தாங்காமல் பின்வாங்கியது என்ற சாயல் வரும். நிகழ்ச்சி ஒன்றுதான், எழுதுபவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது சொல்லில் தெரிந்துவிடும்.

படி 5: பணத்துக்குத் தனிச் சொல்

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ரூபாயின் பெறுமதி இப்படி இறங்குவது 'டிப்ரிஷியேட்'. உள்ளே இருக்கும் வேர் 'விலை'. நாட்டின் உற்பத்தியே சுருங்கினால் 'ரிசெஷன்'. இது ரிஸீட் என்பதன் பெயர்ச்சொல். வெள்ளம் வடிவதும் பொருளாதாரம் வடிவதும் ஒரே வேரில் பிறந்தவை.

படி 6: எழுதியதைத் திருத்துங்கள்

'வேர்ஸ்' என்பதே 'இன்னும் மோசம்' என்று பொருள்படும். அதன் முன் 'மோர்' போடாதீர்கள். வினை வேண்டுமென்றால் 'வேர்ஸன்'. 'ரிவர்ட்' என்பதில் 'திரும்ப' ஏற்கெனவே இருப்பதால் பின்னால் 'பேக்' வேண்டாம். கந்தோர்க் கடிதங்களில் 'பதில் தாருங்கள்' என்பதற்கு 'ரிவர்ட்' என்று எழுதும் வழக்கம் நம் பக்கம் உண்டு. நம்மவருக்குள் அது செல்லும். வெளிநாட்டுக்கு எழுதும்போது 'ரிப்ளை' என்றே எழுதுங்கள்.

இனி நீங்கள் செய்து பாருங்கள்:

கச்சான் என்னும் வறண்ட காற்றில் கிணற்று நீர் இறங்கியது.
சிகரெட்டை விட்ட மாமா மறுபடி தொடங்கிவிட்டார்.
புறாத்தீவில் பவளப்பாறைகளின் நிலை மோசமாகிறது.
தம்பலகாமத்தில் வயலை மூடிய வெள்ளம் வடிந்தது.

இரண்டாவதுக்கு ரிவர்ட், ரிலாப்ஸ் இரண்டும் பொருந்தும். மாமா பழைய பழக்கத்துக்குத் திரும்பினார் என்று மட்டும் சொன்னால் ரிவர்ட். அவர் பட்ட பாடும், அது வீணாய்ப்போன வருத்தமும் உங்கள் மனதில் இருந்தால் ரிலாப்ஸ் என்று எழுதுங்கள்.