படகு ஆடுவதை நிறுத்தியது எப்படி

கனடாவில் கம்லூப்ஸ் பக்கமுள்ள டங்க்வா ஏரியில் ரெயின்போ ட்ரவுட் மீன் பிடிக்க எனக்குப் பெரிய தொல்லை காற்றுதான். ஒற்றை நங்கூரத்தில் படகு இப்படியும் அப்படியும் அலையும். தூண்டில் மிதவைக்குக் கீழே தொங்கும் போலிப்பூச்சியும் கூடவே இழுபடும்; கைரோனமிட் என்ற கொசு போன்ற பூச்சியின் கூட்டுப்புழு மாதிரி செய்தது அது. நிஜக் கூட்டுப்புழு மெல்ல மேலேதான் ஏறும். பக்கவாட்டில் ஓடுவதை ட்ரவுட் சீண்டுவதே அபூர்வம்.

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு நங்கூரம் போட்டேன், கயிற்றைத் தாராளமாக விட்டு. படகு அடங்கியது.

அப்புறம் ஆழம். கொக்கியில் ஒரு இடுக்கியைக் கவ்வவிட்டுத் தரை தொடும்வரை இறக்கி, நீர்மட்டத்துக்கு ஒரு அடி கீழே மிதவையைப் பொருத்தினேன். இடுக்கியைக் கழற்றி வீசினால் போலிப்பூச்சி தரைக்கு ஒரு அடி மேலே நிற்கும். மீன் பெரும்பாலும் மேய்வது அங்கேதான்.